பழைய மேசைக்கணினி: விண்டோஸ் 11-ஐ ஏற்றுவதா, லினக்ஸுக்கு மாறுவதா, இருப்பதை வைத்தே ஓட்டுவதா?

வீட்டுக்கணினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்துவரும் மேசைக்கணினி ஒன்றின் இயங்குதளத்தை மாற்றலாமா, மாற்றுவதென்றால் எதற்கு மாற்றுவது என்பதில் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், எச்81 சிப்செட் கொண்ட மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை அதில் உள்ளன. இப்போது விண்டோஸ் 10 ஹோம், 64 பிட், 22எச்2 பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டதால், இனியும் இதே இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது சரியா என்ற கவலை வந்துவிட்டது. பிசி ஹெல்த் செக் என்னும் மைக்ரோசாஃப்டின் சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லை, பிராசஸர் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்று இரண்டு காரணங்களைக் காட்டி, விண்டோஸ் 11-க்கு இந்தக் கணினி தகுதியற்றது என்று கூறிவிட்டது. ஆனால் இணையத்தில் பலர் இதைவிடப் பழைய கணினிகளிலும் 11-ஐ ஏற்றிப் பயன்படுத்துவதாக எழுதுகிறார்கள்.

இந்தக் கணினியில் நாங்கள் செய்யும் வேலைகள் அதிகமில்லை. இணையம், வங்கிப் பணிகள், மகளின் பள்ளிப் பாடங்கள், பழைய லேசர் பிரிண்டரில் அவ்வப்போது அச்சிடுதல், விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு கணக்கு மென்பொருள் ஆகியவற்றோடு, என் தந்தையார் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்துவைத்துள்ள கட்டுரைகளும் இருக்கின்றன. அவற்றில் பழையவை பாமினி எழுத்துருவிலும், பிற்காலத்தவை யூனிகோடிலும் உள்ளன. எல்லாக் கோப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 90 ஜிபி வரும்.

கணினி இப்போதே மிகவும் மெதுவாக இருக்கிறது. முகப்புத் திரை வந்த பிறகும் நெடுநேரம் எதைச் சொடுக்கினாலும் அசைவதில்லை. புதிய இயங்குதளத்தை ஏற்றினால் இந்த வேகக்குறைவு தீருமா, இன்னும் மோசமாகுமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


திருப்புளி எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில், மற்றவற்றுக்கான விடையும் அதில்தான் அடங்கியிருக்கிறது. எந்த இயங்குதளத்தை ஏற்றினாலும் அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே ஏற்றுவீர்களானால் வேகக்குறைவு தீராது.

கணினியை இயக்கியவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியைச் சற்று நேரம் கவனியுங்கள். பிராசஸர் பத்து இருபது விழுக்காட்டில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டு இறங்காமல் நிற்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் எழுத்துமுனை ஒவ்வொரு சிறு கோப்புக்கும் இடம்விட்டு இடம் நகர வேண்டியிருப்பதால், சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு நூறு அளவில்தான் அதனால் எட்டிப் பிடிக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுகின்றன. அவை வரும்வரை பிராசஸர் கைகட்டி நிற்கிறது. சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் முனை எதுவும் இல்லாததால் இந்தக் காத்திருப்பே இல்லாமல் போகிறது. தொடர்ச்சியாகப் படிப்பதில்கூட, பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி அளவில் நிற்க, சாட்டா கேபிளில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். நான்காம் தலைமுறைக் கணினிக்குச் செய்யக்கூடிய ஒரே பெரிய உதவி இதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனால் எஸ்எஸ்டியைப் பரிந்துரைப்பதற்கு வேகத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று எனக்கு உண்டு. இயங்குதளத்தை மாற்றும்போது மக்கள் பயப்படுவது கோப்புகள் அழிந்துவிடுமோ என்பதற்காகவும், புதியது ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாதோ என்பதற்காகவும்தான். புதிய இயங்குதளத்தைப் புதிய எஸ்எஸ்டியில் ஏற்றிவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றி எடுத்து வைத்துவிட்டால், இந்த இரண்டு பயத்துக்கும் இடமில்லை. பிடிக்கவில்லையா, கேபிளை மாற்றிச் செருகினால் நேற்றிருந்த கணினி அப்படியே திரும்ப வந்துவிடும். எந்த இயங்குதளம் என்ற விவாதம் இதற்குப் பிறகு அவ்வளவு பதற்றம் தருவதாக இராது.

அதற்கு முன்பாக, இன்றே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பத்தாண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க்கை நம்பக் கூடாது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைத் திறந்து, 05 என்றும் சி5 என்றும் குறிக்கப்பட்ட இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்று இடத்துக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் திணறி, முடிவு தெரியாமல் நிலுவையில் இருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் சுழியமாக இருந்தால் நிதானமாகத் திட்டமிடலாம். இல்லையென்றால், இயங்குதளத்தை மறந்துவிட்டுக் கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள்.

காலியான ரேம் ஸ்லாட் இருந்தால் இன்னொரு 4 ஜிபியைச் சேர்ப்பதும் நன்று. டிடிஆர்3 வகையே பொருந்தும். டிடிஆர்4-இன் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் அது செருகவே செருகாது. எஸ்எஸ்டியை மாட்டும்போது கவனிக்க வேண்டியது, எச்81 சிப்செட்டில் நான்கு சாட்டா இணைப்புகளில் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை, மற்ற இரண்டும் 3 ஜிகாபிட்தான் என்பதாகும். பலகையில் இணைப்புக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் எண் அச்சிட்டிருப்பார்கள்; மதர்போர்டின் கையேட்டில் எந்த எண் எந்த வேகம் என்று இருக்கும்.


சன்னலோரம் எழுதியது:

திருப்புளி சொன்ன எஸ்எஸ்டி யோசனையை முழுமையாக ஏற்கிறேன். விண்டோஸ் தொடர்பான பகுதியை மட்டும் விளக்குகிறேன்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த தேவைகளில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவற்றை உங்கள் கணினி நிறைவு செய்கிறது. பிராசஸர் பட்டியலோ, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. டிபிஎம் 2.0 சில கணினிகளில் பயாஸ் எனப்படும் மதர்போர்டின் அமைப்பு மென்பொருளில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இன்டெல் பிடிடி என்ற பெயரில் அதை இயக்கிக்கொள்ளலாம். ஆனால் பிராசஸர் தடை பயாஸில் தீரக்கூடியது அன்று. எனவே அதிகாரபூர்வமான வழி உங்களுக்கு இல்லை.

அதிகாரபூர்வமல்லாத வழி உண்டு. ரூஃபஸ் என்ற கருவியில் விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ எனப்படும் நிறுவல் கோப்பைக் கொடுத்துப் பென் டிரைவைத் தயாரிக்கும்போதே, டிபிஎம், செக்யூர் பூட், ரேம் ஆகிய சோதனைகளை நீக்கிவிடும் தெரிவு வருகிறது. 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்னும் கட்டளைகள் இல்லாத பிராசஸர்களில் விண்டோஸ் 11 தொடங்கவே தொடங்காது. கோர் 2 டியோ போன்றவை அதோடு கழிந்துவிட்டன. உங்கள் நான்காம் தலைமுறையில் அவை இருப்பதால் 11 ஏறும், ஓடும். நீங்கள் இணையத்தில் படித்தவை பொய்யல்ல.

இருந்தும் உங்கள் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தகுதியற்ற கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழக்கமாக வந்துகொண்டிருந்தாலும், ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து, பென் டிரைவைத் தயாரித்து, சோதனைகளை நீக்கி, கையால் ஏற்ற வேண்டும். அதைச் செய்வதில் ஆர்வமுள்ளவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. தாயும் தந்தையும் மகளும் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் அது தீராத தொல்லை. மேலும், 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்னும் பாதுகாப்பு வசதிக்குத் தேவையான வன்பொருள் உதவி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய பிராசஸர்களில் அந்த வசதியை இயக்கினால் மென்பொருளே அந்தச் சுமையையும் ஏற்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும். அணைத்து வைத்தால் பாதுகாப்புக்காக 11-க்கு மாறியதன் பயனில் ஒரு பகுதி போய்விடும்.

உங்களுக்கு உடனடியாகப் பொருந்துவது, விண்டோஸ் 10-க்கான ஈஎஸ்யு எனப்படும் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம். வீட்டுப் பயனர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. 22எச்2 பதிப்பு கட்டாயம், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்வதற்கான இணைப்பு தோன்றும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தாலே கட்டணமின்றிப் பதிவு முடிந்துவிடும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டுமே இதில் வரும், புதிய வசதிகள் வாரா; உங்களுக்கு அவை தேவையும் இல்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். டிஃபெண்டர் வைரஸ் எதிர்ப்பிக்கான அடையாளக் குறிப்புகள் விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பதைக் காட்டி, அதுவரை கவலையில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் குறிப்புகள் தெரிந்த தீநிரல்களை அடையாளம் காண உதவுமே தவிர, இயங்குதளத்திலேயே கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கமாட்டா. இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்றினால் உரிமம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டைச் சார்ந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் இணையத்தில் இணைந்தவுடன் தானாகவே செயல்படத் தொடங்கும். நிறுவும்போது உரிம எண் கேட்டால், "என்னிடம் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து, பழையபடியே ஹோம் பதிப்பைக் குறிப்பிட்டால் போதும்.


முனையம் எழுதியது:

ஈஎஸ்யு என்பது தவணை நீட்டிப்புதான், நோய்க்கு மருந்தன்று. அந்தத் தவணையை வீணாக்காமல், அதற்குள் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடுங்கள் என்பது என் யோசனை. நான்காம் தலைமுறைக் கணினி லினக்ஸுக்குப் பழைய கணினியே அன்று. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு ரேமைக் குறைவாக எடுத்துக்கொள்வது. திரையின் அமைப்பும் விண்டோஸுக்குப் பழகியவர்களைத் தடுமாற வைக்காது.

லினக்ஸை ஆதரிப்பவர்களில் பலர் மறைத்துவிடும் ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயங்குதளம் எடுத்துக்கொள்ளும் ரேம்தான் குறையுமே தவிர, இணையப் பக்கங்கள் எடுத்துக்கொள்ளும் ரேம் குறையாது. குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ பத்துப் பன்னிரண்டு டேப்களைத் திறந்துவைத்தால், 4 ஜிபி லினக்ஸிலும் போதாது. ஆகவே ரேமைக் கூட்டும் யோசனை எதற்கு மாறினாலும் பொருந்தும்.

மின்ட்டைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் முழு இயங்குதளத்தையும் பயன்படுத்திப் பார்க்கலாம். வேகத்தை அதில் வைத்து எடைபோட வேண்டாம். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் அது மந்தமாகத்தான் இருக்கும். அதில் சோதிக்க வேண்டியது வன்பொருளை. ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, திரை சரியான அளவில் தெரிகிறதா என்று பாருங்கள். பிராட்காம் சிப் கொண்ட சில வைஃபை அட்டைகளுக்குத் தனியாக டிரைவர் வேண்டியிருக்கும். மின்ட்டின் டிரைவர் மேனேஜர் அதை எடுத்துத் தரும், ஆனால் அதற்கே இணையம் வேண்டுமென்பதால் கேபிள் இணைப்போ, கைபேசியின் யுஎஸ்பி டெதரிங்கோ கைவசம் இருக்கட்டும். உங்கள் லேசர் பிரிண்டரையும் அந்தச் சோதனையிலேயே செருகி ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய பிரிண்டர்களில் பெரும்பகுதி லினக்ஸில் தொல்லையின்றி ஓடும். பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடும் மலிவு வகை லேசர்களில் சில மட்டும், தயாரிப்பாளரின் தனி மென்பொருள் இன்றி ஒரு தாளைக்கூடத் தள்ளா.

தந்தையாரின் கட்டுரைகள் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இந்தக் கேள்வியிலேயே முக்கியமானதாகப் படுவது அதுதான். யூனிகோடு கோப்புகள் எந்த இயங்குதளத்திலும் அப்படியே திறக்கும். பாமினி அப்படியன்று. அதில் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளியோடு பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. எனவே கட்டுரைகளைப் பேக்கப் எடுக்கும்போது, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்துவையுங்கள். மின்ட்டில் அதை இருமுறை சொடுக்கி நிறுவிக்கொள்ளலாம். லிபர்ஆஃபிஸில் கட்டுரைகள் தமிழிலேயே தெரியும். நேரம் கிடைக்கும்போது எழுத்துரு மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நிலையான தீர்வு. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஏனென்றால் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களில் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவைக்கும்.

தட்டச்சு செய்வதற்கு, விண்டோஸில் இ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ பயன்படுத்தியிருப்பார். லினக்ஸில் அந்த வேலையை ஐபஸ் என்னும் உள்ளீட்டு அமைப்பு செய்கிறது. எம்17என் தொகுப்பை நிறுவினால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு ஆகிய விசைப்பலகைகள் அதில் கிடைக்கும். ஆனால் ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவருக்கு ஒன்றிரண்டு எழுத்துகளின் விசை மாறியிருப்பது முதலில் எரிச்சலூட்டும். அவரையே பென் டிரைவ் சோதனையில் உட்கார வைத்து ஒரு பத்தி அடிக்கச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கணக்கு மென்பொருளுக்கு, விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்னும் இடைமென்பொருளை முயன்று பார்க்கலாம்.


சன்னலோரம் எழுதியது:

மற்றவை அனைத்தும் சரி; கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். வைனில் விளையாட்டுகளும் சிறு கருவிகளும் நன்றாகவே ஓடுகின்றன. கணக்கு மென்பொருளின் கதை வேறு. அது திறக்கும், பதிவுகளைக் காட்டும், ஆனால் அறிக்கையை அச்சிடும் இடத்திலோ, தரவுத்தளத்தைக் காப்பு எடுக்கும் இடத்திலோ, யுஎஸ்பி டோக்கனைத் தேடும் இடத்திலோ நின்றுவிடும். வீட்டின் வரவுசெலவு அதில்தான் இருக்கிறது என்றால், அந்த ஒரு மென்பொருளுக்காகவாவது உண்மையான விண்டோஸ் ஒரு பகுதியில் இருக்கட்டும். ஈஎஸ்யு முடிந்த பிறகு அந்த விண்டோஸை இணையத்தோடு இணைக்காமல் வைத்துக்கொள்ளலாம். வங்கி, மின்னஞ்சல், மகளின் பாடங்கள் ஆகியவற்றை லினக்ஸுக்கு நகர்த்திவிட்டால் ஆபத்தும் அதோடு நகர்ந்துவிடும்.


முனையம் எழுதியது:

ஏற்கிறேன். மென்பொருளை உருவாக்கியவர்கள் இணையவழிப் பதிப்பு வைத்திருக்கிறார்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

ஒரே கணினியில் இரண்டையும் வைப்பதென்றால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட மறக்காதீர்கள். அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்வதில்லை, பாதி உறக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸின் பகுதியைத் திறந்தால், படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது.


வீட்டுக்கணினி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தந்தையாரின் கட்டுரைகளுக்கு எழுத்துருக் கோப்பும் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை உடனே எடுத்து ஒரு பென் டிரைவில் வைத்துவிட்டேன். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்றதும் உண்மைதான்.

கவலை தருவது இன்னொன்று. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 05-க்கு எதிரே எல்லாமே சுழியம். சி5-க்கு எதிரே மூல மதிப்பின் கடைசியில் 18 என்று இருக்கிறது. புதிய 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, குளோன் செய்யும் மென்பொருளால் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே அதில் படியெடுத்துவிட்டால், எதையும் மறுபடி நிறுவ வேண்டியிராதே என்று நினைக்கிறேன். அது சரியான வழிதானா? படியெடுப்பதற்கு முன்பு, விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டிப் பழுதுகளைச் சரிசெய்துவிடலாமா?


திருப்புளி எழுதியது:

செக்டிஸ்க்கை இப்போது ஓட்ட வேண்டாம். அது கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தும் கருவி. படிக்க முடியாத பகுதியைச் சந்தித்தால், முறைமை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கோப்பின் துண்டை வெட்டிவிடவும் அது தயங்காது. மீட்டெடுக்க வேண்டியவை வெளியே வரும்வரை அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் இருப்பதே நல்லது.

அந்த மென்பொருள் மூல மதிப்பைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டுவது வழக்கம். ஆகவே 18 என்பது நம் கணக்கில் 24. எண் பெரிதன்று. ஆனால் 05 சுழியமாக இருக்க சி5 மட்டும் ஏறியிருப்பதால், இப்போதுதான் படிக்க முடியாத இடங்கள் தோன்றத் தொடங்கியிருக்கின்றன என்று கொள்ளலாம். நான் முன்பு பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே எடுத்துவைத்தால் திரும்பும் வழி இருக்கும் என்று எழுதியது நலமான டிஸ்க்குக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இதைத் தனிக் காப்பாக நம்பக் கூடாது.

குளோன் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. பல குளோன் மென்பொருள்கள் முதல் பழுதான பகுதியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். சில, அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயன்று டிஸ்க்கை இன்னும் களைப்படையச் செய்யும். முடிந்தாலும், அந்த 24 இடங்களில் விண்டோஸின் கோப்பு எதுவும் இருந்திருந்தால் அந்தக் கோளாறும் எஸ்எஸ்டிக்குக் கூடவே வந்துசேரும். 90 ஜிபி கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல்.

எடுக்கும் வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் படியெடுக்காமல், உலகில் வேறெங்கும் பிரதி இல்லாதவற்றை முதலில் எடுங்கள்: தந்தையாரின் கட்டுரைகள், கணக்கு மென்பொருளின் தரவும் அதன் உரிம எண்ணும், குடும்பப் படங்கள். பிரவுசரில் சேமித்துவைத்த கடவுச்சொற்களையும் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு இது டிஸ்க் போன பிறகுதான் நினைவுக்கு வரும். மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய திரைப்படங்களும் நிறுவல் கோப்புகளும் கடைசி. வெளிப்புற டிஸ்க்கில் எடுத்தவற்றை வேறொரு கணினியில் செருகிச் சிலவற்றைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதும் கோப்பு திறப்பதும் ஒன்றல்ல. ஏதேனும் முக்கியமான கோப்பு படியாமல் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். அவற்றுக்காகப் பிறகு மின்ட்டின் பென் டிரைவிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்தலாம். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் படித்து முடித்துவிட்டு, பழுதானவற்றைக் குறித்துவைத்துக் கடைசியில் முயல்வது அதன் முறை.

பிறகு ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி நிறுவுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால், விண்டோஸின் நிறுவி தொடக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். பின்னர் அந்த டிஸ்க்கை எடுத்தவுடன் கணினி தொடங்காது. பயாஸில் சாட்டா முறை ஏஎச்சிஐ என்றிருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் நின்றதும் தேதி பின்னால் போய்விடும்; அப்போது பாதுகாப்பான இணையதளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டும், நீங்கள் புதிய இயங்குதளத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு இயங்குதளங்களும் வேண்டுமென்று முடிவெடுத்தால் விண்டோஸ் 10 முதலில், மின்ட் அடுத்து. மின்ட்டின் நிறுவி இருக்கும் விண்டோஸைக் கண்டுகொண்டு, தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் அதையும் சேர்த்துவிடும். மாற்றி நிறுவினால் விண்டோஸ் அந்த மரியாதையைக் காட்டாது. 500 ஜிபியில் விண்டோஸுக்கு 150 ஜிபி ஒதுக்கினால் கணக்கு மென்பொருளுக்குத் தாராளம். மீதியை மின்ட்டுக்கு விட்டுவிடுங்கள்.